சோதித்துச் சோதித்தே தொலைத்த அன்பு

நூ மெட்டல் என்றாலே பெரியவர்கள் அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். இடிபோல் கித்தார், தொண்டை கிழியும் கூச்சல், நடுநடுவே ராப். அந்தக் கூச்சலுக்குள்ளே, ஒருவர் மனத்தளவில் நெருங்கி வந்தால் மனிதன் ஏன் மிரளுகிறான் என்று பேசும் பாடல் ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் லிங்கின் பார்க் குழு 2000 அக்டோபரில் 'ஹைபிரிட் தியரி' என்ற தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. 2003-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பாடிய அதே குழுதான். 'குரோலிங்', 'இன் தி என்ட்' ஆகியவற்றை அறியாத இளைஞர் அப்போது குறைவு. ஆனால், தொகுப்பின் 12-ஆவது, கடைசிப் பாடலான 'புஷிங் மீ அவே' அவ்வளவாகப் பேசப்படவில்லை. என்னைத் தள்ளிவிடுகிறாய் என்பது தலைப்பின் பொருள்.

பாடலில் ஒருவன் பேசுகிறான். உண்மையை மறைத்தே பழகிவிட்டதை ஒப்புக்கொள்கிறான். எதிரில் இருப்பவரோ அவனை ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கிறார். எப்போதோ போயிருக்கலாமே, ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கடைசியில் அந்தச் சோதனைதான் அவனை வெளியே தள்ளுகிறது. தப்பு யார் மேல்? பாடல் தீர்ப்புச் சொல்லவில்லை. மறைத்தவனுக்கும் பயம், சோதித்தவருக்கும் பயம்.

இந்தச் சோதனை நமக்குத் தெரியாததா? "என்னை விட்டுட்டு வேற ஆளைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் நிஜமாகவே எழுந்து போகிறாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! போகாவிட்டால் நிம்மதி வருமா? வராது. அடுத்த முறை இன்னும் கடினமான சோதனை. போய்விட்டாலோ, "எனக்கு அப்பவே தெரியும்" என்ற வார்த்தை தயாராக இருக்கும். எப்படியும் தேற முடியாத பரீட்சை அது.

குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் போன்றதே பெரியவர்களின் காதலும் என்று 1987-இல் சின்டி ஹேஸன், பிலிப் ஷேவர் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். 1991-இல் கிம் பார்த்தலோமியூவும் லியோனார்ட் ஹோரோவிட்ஸும் அதை விரித்து, பயந்து விலகுகிறவர்களைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார்கள். இவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நெருக்கத்துக்கு ஏங்குவார்கள், நெருங்கினால் அடிபடுவோம் என்று ஒதுங்குவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் திமிர் என்பார்.

பாடகர் செஸ்டர் பென்னிங்டனுக்கு 11 வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2017 ஜூலை 20-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதற்காக இந்தப் பாடலை அவருடைய வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பது நியாயமல்ல. குழுவாக உருவாக்கிய பாடல் இது.

இதே பாடலை 2008-இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் மேடையில் பியானோவோடு பாடினார் அவர். இடி முழக்கம் இல்லை. அந்தப் பதிவு 'ரோட் டு ரெவல்யூஷன்' தொகுப்பில் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு 2000-இல் வந்ததைக் கேளுங்கள். கூச்சலுக்கு அடியில் என்ன இருந்தது என்று அப்போது புரியும்.