தால், சப்பாணி, சிறுபறை

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழலையர் வகுப்பில் இசை கற்பிப்பது குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். நான் இசை பயின்று பட்டம் பெற்றவள் அல்லேன், தமிழாசிரியை. ஆயினும் நான் பணியாற்றிய பள்ளியில் ஆண்டு விழா வரும்போதெல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கும் பொறுப்பு என் தலையிலேயே விழும். தமிழ் படித்தவளுக்குப் பாட்டு வந்தே தீரும் என்பது உடன் பணியாற்றியோர் எண்ணம். அப்பொறுப்பில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மேடையில் நிறுத்திய பன்னிரண்டு பிள்ளைகளுள் ஒரு சிறுவன், தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை, எப்பாட்டையும் ஒரே சுரத்தில், மற்ற பதினொருவர் குரலையும் விஞ்சிப் பாடுவான். எத்தனை முறை பழக்கியும் மாறவில்லை. விழாவுக்கு முதல் நாள் அவனைத் தனியே அழைத்து, "கண்ணு, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், சத்தம் வேண்டாம்" என்றேன். அவனும் அவ்வாறே செய்தான். பாட்டு நன்றாக அமைந்தது என்று அனைவரும் பாராட்டினர்.

ஓய்வு பெற்றபின் வீட்டருகே உள்ள மழலையர் வகுப்புக்கு வாரத்தில் இரு நாள் சென்று வருகிறேன். சென்ற ஆண்டு சேர்க்கை நாளன்று, இளைஞர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். என்னை அடையாளம் கண்டு வணங்கினார். நான் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதை அறிந்ததும், "பாப்பாவுக்குப் பாட்டெல்லாம் வேண்டாங்க டீச்சர். எங்க குடும்பத்துக்குப் பாட்டு வராதுங்க" என்றார். மனக்குறையோடு சொல்லவில்லை. தம் உயரத்தையோ நிறத்தையோ சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார். அதை அவருக்குக் கற்பித்தவள் நான்.

அந்தச் சிறுவன் ஏன் அப்படிப் பாடினான் என்று அன்றே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நம் சோமனூரில் விசைத்தறியின் ஒலி கேளாத தெரு எது? தறிக்கூடத்துள் ஒலி பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நம் நாட்டில் வகுத்திருக்கும் உச்ச அளவே 90 தான். அக்கூடத்தை ஒட்டிய வீட்டில் பேசத் தொடங்கும் பிள்ளை, உரக்கக் கூவினால்தான் தாய் திரும்பிப் பார்ப்பாள் என்று கற்றுக்கொள்கிறது. தன் குரலைத் தானே கேட்க அதற்கு வாய்ப்பே அமைவதில்லை. கேளாத குரலை எவ்வாறு ஏற்றுவது, எவ்வாறு இறக்குவது?

நம் முன்னோர் படைத்த காப்பியங்கள் இசையால் நிறைந்தவை. திருத்தக்கதேவரின் சீவகன் யாழ்ப் போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணக்கிறான். நம் கொங்கு நாட்டுக் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் உதயணன் வாசவதத்தைக்கு யாழ் பயிற்றுகிறான். இவை வளர்ந்தோர் இசை. சிறுமியின் இசைக்கல்வியை அறிய வேண்டுமாயின் இளங்கோவடிகளிடம் செல்ல வேண்டும். அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அப்படியாயின் முறையான பயிற்சி தொடங்கியது ஐந்தாம் அகவையில். அவளுக்கு வாய்த்த ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையெல்லாம் அடிகள் விரித்துரைக்கிறார். ஐந்து அகவைக்கு முன் அவளுக்கு யார் ஆசிரியர் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதற்கு விடை பிள்ளைத்தமிழில் இருக்கிறது. அதன் பருவங்களுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாலப் பருவத்தில் குழந்தை நாவசைத்துப் பாடும் தாலாட்டைக் கேட்கிறது. சப்பாணிப் பருவத்தில் கை கொட்டுகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிறுபறைப் பருவத்தில் சிறு பறையை முழக்குகிறது. முதலில் செவி, பிறகு கை, அதன் பிறகே கருவி. இந்த வரிசையைத்தான் இன்று நான் வகுப்பில் பின்பற்றுகிறேன். சரளி வரிசை இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அப்பயிற்சி முறையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் மாயாமாளவகௌளையின் நெருங்கிய சுரங்களை நான்கு அகவைத் தொண்டை பிடிக்க இயலாமல் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஆறேழு அகவை வரை அது காத்திருக்கலாம்.

செவிப் பயிற்சிக்கு நான் கையாள்வது மரியா மாண்டிசோரி அம்மையாரின் மௌன விளையாட்டு. 1939ஆம் ஆண்டு அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தாரே, அவர்தாம். பிள்ளைகள் கண்களை மூடி அசையாமல் அமர்வர். ஆசிரியர் தொலைவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். பெயர் கேட்டவர் ஓசையின்றி எழுந்து வரவேண்டும். மௌன நோன்பு அறிந்த குடும்பங்களுக்கு இது புதியதொன்றன்று. முதல் வாரம் இருபது நொடி கூட அமைதி நிலைக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் தறியொலிக்கு அப்பால் கூவும் குயிலை ஒரு சிறுவன் எனக்குக் காட்டித் தந்தான். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பலமுறை அழைத்தும் ஒரு பிள்ளை எழவில்லை எனில் அதன் செவியை மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன். சளியால் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது இவ்வயதில் மிகுதி.

அடுத்தது குரல். தெருவில் கூவி விற்பவரையும், விளையாடப் போன பிள்ளையை அழைக்கும் தாயையும் உற்றுக் கேளுங்கள். அழைப்பு பெரும்பாலும் இரண்டு சுரங்களில் மேலிருந்து கீழே இறங்கும். பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவது போன்ற இறக்கம். அங்கேரி நாட்டு இசையறிஞர் கோடாய் (1882–1967) வழியில் கற்பிப்போர் பிள்ளைகளின் முதற்பாடமாக வைப்பது இவ்விரு சுரங்களையே. நான் வருகைப் பதிவை இவ்விறக்கத்தில் பாடுகிறேன்; பெயருக்குரிய பிள்ளை அதே இறக்கத்தில் மறுமொழி பாட வேண்டும். இரண்டு சுரம் அமைந்த பின் மூன்றாவது, நான்காவது. ஐந்து சுரம் வந்ததும் மோகனம் கைக்கெட்டிவிடுகிறது. சிலம்பின் முல்லைத் தீம்பாணியும் அதுவே என்பர் அறிஞர்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு செய்தி. நாம் நமக்கு இசைவான ஐந்து கட்டையில் தொடங்கினால் குழந்தைக்குக் கீழ்ச்சட்சம் எட்டாது, முணுமுணுக்கும். நாம் உடனே "குரலே இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். இரண்டு கட்டையில் வைத்துப் பாடிப் பாருங்கள். கைபேசியில் பாட்டை ஓட விட்டுக் குழந்தையைப் பாடச் சொல்வதும் வேண்டாம். கைபேசி குழந்தைக்காகச் சற்று நிற்காது, மெதுவாக்காது. வீட்டில் மாலைதோறும் பாட்டி மடியில் அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தைக் கூடவே சொல்லும் குழந்தைக்கு மூச்சும் தாளமும் தாமே அமைகின்றன.

தாளத்திற்கு நாம் வெளியே தேட வேண்டியதே இல்லை. தறியில் நாடா போய்த் திரும்பும் ஓசை இரண்டடித் தாளம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளைக் கை கொட்டச் சொன்னால் பிசகாமல் கொட்டுகின்றன. குரலில் தடுமாறும் தறிவீட்டுப் பிள்ளை தாளத்தில் மற்றவரை முந்துவதைப் பலமுறை கண்டேன். அன்று அச்சிறுவனைப் பாட்டுக்குத் தாளம் கொட்ட நிறுத்தியிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஈரோட்டை அடுத்த அறச்சலூருக்கு நம் குடும்பங்கள் ஒருமுறை சென்று வருதல் நன்று. சமண முனிவர் தங்கியவை என்று கருதப்படும் கற்படுக்கைகளின் அருகே, குகைப் பாறையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆடற்குரிய சொற்கட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றே. எழுத்துகளை அவ்வாறு புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. குறைந்தது ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைமை உடையது. அதுபோன்ற ஐந்து கட்டங்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, கட்டத்துக்கு ஒரு தகரச் சொல் வைத்து, பிள்ளைகளைச் சொல்லிக்கொண்டே குதித்துச் செல்ல விடுகிறேன். நடந்துகொண்டே சொல்வதும், சொல்லியபடி தட்டுவதும், பிறகு சொல்லாமல் மனத்துள் எண்ணித் தட்டுவதும் ஒன்றைவிட ஒன்று கடினம். மூன்றாவதைச் செய்யும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கருவி பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய்ச் சிரட்டை இரண்டு, புளியங்கொட்டை இட்ட டப்பா, தறியில் கழித்த தார்க்குச்சி. செலவு இல்லை. 2019 சனவரியில் தமிழ்நாடு அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. அத்தகைய வகுப்பிலும் இவ்வளவையும் செய்யலாம்.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். நம் விழாவில் மூன்று முதல் ஐந்து அகவைப் பிரிவுக்கும் பாட்டுப் போட்டி வைத்து, முதல் மூவருக்குப் பரிசளித்து வருகிறோம். பெற்றோர் ஒரு மாதம் பாடுபட்டுப் பழக்குகிறார்கள். மேடை ஏறி அழுத பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரிசு பெறாத பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லப்படுகிறது என்பதை நான் கேட்டிருக்கிறேன். ஆறு அகவைக்கு மேற்பட்டோர்க்குப் போட்டி இருக்கட்டும். இச்சிறியோர் பிரிவில் போட்டியை நீக்கி, பிள்ளைகள் அனைவரும் பெற்றோருடன் அமர்ந்து ஒருங்கே பாடும் அரை மணி நேரத்தை வையுங்கள். அந்தப் பரிசுத் தொகைக்கு ஒரு நல்ல சுருதிப்பெட்டி வாங்கலாம்.

அந்த இளைஞரின் மகள் இப்பொழுது என் வகுப்பில் இருக்கிறாள். முதல் இரு மாதம் தன் பெயருக்கு மறுமொழியே பாடவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். ஆவணியில் ஒரு நாள் பாடினாள். சில நாள் சுருதி சேர்கிறது, சில நாள் சேரவில்லை. மாலையில் அழைத்துச் செல்ல வரும் அவள் தந்தையிடம், ஒரு நாள் வகுப்பில் வந்து எங்களோடு அமருமாறு சொல்லியிருக்கிறேன். தறி நிறுத்தம் விடும் நாளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.