உயிர் காக்கும் சொல்



2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்பு அறுந்த வேளையில், போர்ட் பிளேயரிலிருந்த அமெச்சூர் வானொலி அன்பர்கள் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர்.

அத்தகைய கம்பியில்லாக் கருவியில் ஒருவர் விசையை அழுத்திப் பேசுங்கால் மற்றவர் கேட்கத்தான் இயலும். ஆதலின் சுருங்கச் சொல்லுதலும், கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்லுதலும் மரபு.

108 மருத்துவ ஊர்தியைத் தொலைபேசியில் அழைக்கும் நமக்கும் இம்மரபு வேண்டும். திருவரங்கத்தில் 'கிழக்கு வீதி' என்றால் போதுமா? கிழக்கு உத்தர வீதியா, கிழக்குச் சித்திரை வீதியா, கிழக்கு அடையவளஞ்சான் வீதியா? அழைப்பை ஏற்பவர் நம் ஊரை அறியாதவராயும் இருக்கலாம்.

சொல்வதெழுதுதலில் பிழைத்தால் மதிப்பெண் குறையும். இங்குப் பிழைத்தால் ஓர் உயிரே போகக்கூடும். முழு முகவரியையும் கூறுங்கள். அதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.