"திமிர்" என்று சொல்லிவிடுவதற்கு முன்னால்: ஆளுமைக் கோளாறு பற்றிச் சில வார்த்தைகள்



நம்ம ஊரில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. "குத்தாலத்துல நாலு நாள் அருவியில குளிக்க வையி, பித்தம் தெளிஞ்சிரும்" என்பார்கள். ஆனால் நான் பேச வந்திருப்பது, பித்தம் என்று யாருமே சொல்லாத ஒரு நிலையைப் பற்றி.

இவர்கள் வேலைக்குப் போவார்கள், வரவு செலவைச் சரியாகப் பார்ப்பார்கள். வெளியே ஒரு குறையும் தெரியாது. வீட்டுக்குள்தான் புயல். நேற்றுவரை "நீதான் எனக்கு எல்லாம்" என்ற அக்காவை, இன்று போனை எடுக்கவில்லை என்பதற்காக விரோதியாகப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து அழுவார்கள். சிலர் கையைக் கீறிக்கொள்வார்கள். ஊர் இதற்குத் "திமிர்", "கொழுப்பு", "வளர்ப்பு சரியில்லை" என்று பெயர் வைத்திருக்கிறது. மருத்துவத்தில் இது ஆளுமைக் கோளாறாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். ரீல்ஸ் பார்த்துவிட்டு மாமியாருக்கோ மருமகளுக்கோ இந்தப் பட்டத்தைக் கட்டிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலின்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடித்து, தன்னைப் பற்றிய எண்ணத்தையும் பிறரோடு உள்ள உறவையும் குலைத்தால்தான் இது கோளாறு. எந்த வகை என்பதைவிட, லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறார்கள். அதிகச் சந்தேகம், ஒட்டாத்தன்மை, பிறர் வலியைப் பொருட்படுத்தாமை என்று பல முகங்கள் இதற்கு உண்டு. நான் மேலே சொன்னதை 'பார்டர்லைன்' என்பார்கள். உயிருக்கு ஆபத்து கூடுதலாக உள்ளது இதில்தான்.

ஏன் வருகிறது? பிறவியிலேயே இளகிய, சட்டென்று கொதிக்கிற மனம் ஒரு பக்கம். சிறு வயதில் பட்ட அடி, புறக்கணிப்பு, பாலியல் துன்பம் போன்றவை இன்னொரு பக்கம். எல்லோருக்கும் ஒரே கதை இல்லை. அதனால் பெற்ற தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பயனும் இல்லை.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்கு டாக்டர் மருந்து தருவார். முக்கிய சிகிச்சை பேச்சுதான். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இதற்காகவே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் முறையில் ஒரு பயிற்சி: உணர்ச்சி தலைக்கேறும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் வைப்பது. இதயத் துடிப்பு தணிந்து, கொதிப்பு இறங்கும். (இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.) பாட்டி சொன்ன அருவியில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது! ஆனால் அது அந்த நேரத்துக் கொதிப்பை மட்டும்தான் இறக்கும். பார்டர்லைன் உள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பாலானவர்களுக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. "இது மாறவே மாறாது" என்பது பழைய பேச்சு.

வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். "செத்துப் போயிருவேன்" என்றால், "சும்மா நடிக்கான்" என்று விட்டுவிடாதீர்கள். பத்து தடவை சொன்னவர் பதினோராவது தடவை செய்துவிடக்கூடும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். கொதிப்பு இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். "கஷ்டமாத்தான் இருக்கும், கூடவே இருக்கேன்" என்ற அளவில் நிறுத்துங்கள். அதற்காக அடி, உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. அப்படி நடந்தால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தயக்கத்தில் போவது உயிர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். முயன்றதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. மருத்துவமனையில் விவரம் பதிவார்கள், விசாரிப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்தக் கட்டுரையை மூடுவதற்கு முன் உங்கள் செல்போனில் 14416 என்ற எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, அம்மாவோ அண்ணனோ பேசலாம். நேரில் பார்க்க, தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தைக் கேட்டுப் போங்கள். போகும்போது, எத்தனை வருடமாக இப்படி, கடைசியாக எப்போது, எதற்குப் பிறகு நடந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.