அமிர்தசரஸ் பொற்கோயில்: வரலாறும் மாண்பும்

பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் திருக்குளத்தின் நடுவே அமைந்துள்ள ஹர்மந்திர் சாகிப் சீக்கியரின் முதன்மைத் திருத்தலம். நான்காம் குருவான ராம் தாஸ் 1577இல் இக்குளத்தை வெட்டுவித்தார். அதைச் சுற்றி எழுந்த ஊர் முதலில் ராம்தாஸ்பூர் எனப்பட்டது. பின்னர் குளத்தின் பெயரான அமிர்தசரஸே ஊருக்கும் நிலைத்தது.

கோயிலைக் கட்டியவர் ஐந்தாம் குரு அர்ஜன். நாற்றிசையும் நோக்கிய நான்கு வாயில்கள் எல்லா வருணத்தாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தவை. சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்த தளத்தில் கோயில் நிற்பதால், வருபவர் எவராயினும் படியிறங்கியே உள்ளே செல்ல வேண்டும். சமத்துவமும் பணிவும் இவ்வாறு கட்டட அமைப்பிலேயே இடம்பெற்றன.

1604இல் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தம் இங்கு எழுந்தருளியது. குரு அர்ஜன் தொகுத்த அதனை ஏட்டில் எழுதியவர் பாய் குர்தாஸ். அதை ஓதும் முதல் கிரந்தியாகப் பொறுப்பேற்றவர் பாபா புட்டா. குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் உள்ளன. திருவுருவம் ஏதும் இல்லாத இக்கோயிலில் வழிபாட்டின் மையம் இந்நூலே. விடியுமுன் பல்லக்கில் வந்து இரவில் கோயிலுக்கு எதிரே உள்ள அகால் தக்த்துக்குத் திரும்பும் கிரந்தத்தின் முன்னிலையில் நாள் முழுவதும் கீர்த்தனை நடைபெறுகிறது.

அந்த அகால் தக்த்தை நிறுவியவர் ஆறாம் குரு ஹர்கோபிந்த். 1606இல் குரு அர்ஜன் முகலாயர் காவலில் உயிர் துறந்த பின், ஆன்மிகத்தோடு உலகியல் அதிகாரத்தையும் சமூகம் தன் கையில் கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தின் வடிவம் அது.

18ஆம் நூற்றாண்டில் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியின் படைகள் கோயிலைப் பலமுறை சிதைத்தன. 1762இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தன. சீக்கியர் மீண்டும் கட்டினர். 19ஆம் நூற்றாண்டில் மகாராஜா ரஞ்சித் சிங் சலவைக்கல்லும் பொற்றகடும் பதிக்கச் செய்தார். பொற்கோயில் என்ற பெயர் அதன் பின்னரே பரவியது.

கல்லில் அமைந்த சமத்துவத்தை நடைமுறையில் காக்கவும் போராட வேண்டியிருந்தது. 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியம் தழுவியோர் கொண்டுவந்த கடா பிரசாதம் என்னும் படையலை ஏற்க அர்ச்சகர்கள் தயங்கினர். கிரந்தத்தைத் திறந்து படித்த பின்னரே அது ஏற்கப்பட்டது. குருத்வாராச் சீர்திருத்த இயக்கம் இதனால் வலுப்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் குருத்வாராக்களின் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பிடம் ஒப்படைத்தது.

1984 ஜூனில், வளாகத்தினுள் இருந்த ஆயுதக் குழுவினரை வெளியேற்ற இந்திய இராணுவம் மேற்கொண்ட நடவடிக்கையில் யாத்ரிகர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அகால் தக்த் பெருஞ்சேதமுற்றது. அரசு செப்பனிட்ட கட்டடத்தைச் சமூகம் ஏற்கவில்லை. அதை இடித்து, கர் சேவை எனப்படும் தொண்டுழைப்பால் புதிதாகக் கட்டிக்கொண்டது.

அத்தொண்டே இன்றும் தலத்தை இயக்குகிறது. குளத்தைத் தூர்வாருவதும், சுற்றுப்பாதையைக் கழுவுவதும், காலணி காப்பதும் சேவையே. பொது உணவுக்கூடமான குரு கா லங்கரில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் சாதி, சமயம், செல்வம் பாராமல் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்கின்றனர். நான்கு வாயில்களின் பொருள் அங்கே அன்றாட ஒழுக்கமாக வெளிப்படுகிறது. பக்தியைச் சமத்துவத்திலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிரிக்காமல் நான்கு நூற்றாண்டுகளாகக் காத்துவருவதே இத்தலத்தின் தனிச்சிறப்பு.