சொந்த அரங்கமா, வாடகை அரங்கமா? ஒரு நகரப் பல்கலைக்கழகத்தின் கணக்கு

(பொருளாதார முதுநிலை மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திட்ட மதிப்பீடு பற்றிப் பேச வருபவர் அணைக்கட்டையோ உருக்காலையையோ எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். நான் இன்று ஒரு பந்தாட்ட அரங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் கட்டப்படாத அரங்கம். கட்டி முடித்த திட்டங்களைப் பற்றி நம்மிடம் அறிக்கைகள் மலைபோல் குவிந்துள்ளன. வேண்டாமென்று கைவிடப்பட்டவற்றைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

இடம், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். அங்கே வடபகுதியில் டெம்பிள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1884-ஆம் ஆண்டில் ரசல் கான்வெல் என்ற பாதிரியார், பகலில் உழைக்கும் தொழிலாளர்களுக்கு இரவில் பாடம் நடத்தத் தொடங்கியதே அதன் பிறப்பு. இரவில் படித்தவர்களின் கல்விக்கூடம் என்பதால் ஆந்தையே இன்றும் அதன் சின்னம். 1965-ஆம் ஆண்டிலிருந்து மாநில அரசின் உதவி பெறும் பல்கலைக்கழகமாக அது விளங்குகிறது.

அமெரிக்கர் 'கால்பந்து' என்று அழைப்பது நாம் அறிந்த ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அதில் பல்கலைக்கழக அணிகளுக்கு இருக்கும் செல்வாக்கு நமக்கு வியப்பூட்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆயினும் ஓர் அணி தன் சொந்த மண்ணில் ஆடுவது ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு ஆட்டங்களே. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெம்பிள் அணி 2003-ஆம் ஆண்டு முதல், நகரின் தென்கோடியிலுள்ள லிங்கன் பைனான்சியல் அரங்கில் ஆடி வருகிறது. அது ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி ஆடும் அரங்கம். டெம்பிள் அங்கே வாடகைக் குடியிருப்பாளர். ஆண்டு வாடகை ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் என்றும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில் அதனைப் பன்மடங்கு உயர்த்தவும் பெருந்தொகையை முன்பணமாகப் பெறவும் உரிமையாளர் விரும்பினர் என்றும் அக்காலத்தில் செய்தி வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம், சிற்றுண்டி விற்பனை முதலிய வருவாயும் குடியிருப்பாளருக்குக் கிட்டுவதரிது.

எனவே, 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழகம் சொந்த அரங்கத் திட்டத்தை முன்வைத்தது. வளாகத்தின் ஓரத்தில் 35,000 இருக்கைகள். செலவு ஏறத்தாழ 13 கோடி டாலர். நன்கொடை, மாநில உதவி, கடன் ஆகியவற்றால் பணம் திரட்டப்படும் என்று கூறப்பட்டது. மாணவர் கட்டணத்தில் கை வைக்கமாட்டோம் என்ற உறுதியும் தரப்பட்டது.

இப்போது தாளை எடுத்துக்கொண்டு நம் பாணியில் கணக்கிடுவோம். 13 கோடி டாலருக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு நான்கு என்று கொள்வோம். இது நான் எளிமைக்காக எடுத்த விகிதம். ஆண்டுக்கு 52 இலட்சம் டாலர் ஆகிறது. ஆறு ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஓர் ஆட்டத்துக்கு 8 இலட்சத்து 66 ஆயிரம் டாலருக்கு மேல். ஆறு ஆட்டத்திலும் ஓர் இருக்கைகூடக் காலியின்றி நிறைந்தாலும், ஒவ்வோர் இருக்கையின் தலையிலும் ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 25 டாலர் வட்டி மட்டும் ஏறுகிறது. பராமரிப்பு, தேய்மானம், காவல் இவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. வாடகை மும்மடங்காகி 30 இலட்சமானாலும் வட்டிக்கு அது குறைவே. "நன்கொடைக்கு ஏது வட்டி?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நன்கொடைக்கும் வாய்ப்புச் செலவு உண்டு. அரங்கத்துக்குக் கேட்ட கொடையாளரிடம் மறு ஆண்டே ஆய்வுக்கூடத்துக்குக் கேட்க முடியாது.

இந்த அளவில் விடை தெளிவாகிவிட்டதென்று எண்ணிவிட வேண்டாம். கட்ட வேண்டுமென்று வாதிட்டவர்களிடம் வலுவான நியாயம் இருந்தது. ஒரே ஓர் உரிமையாளரிடம் மட்டுமே வாங்கக்கூடிய பண்டத்துக்கு அவர் வைத்ததே விலை. பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வருவதற்கு ஆட்டம் ஒரு காரணமாகிறது. வருபவர்களே கொடையாளர்களாகவும் ஆகின்றனர். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1924-இல் கட்டிய தன் அரங்கை விட்டு 1982-இல் அது நகர மையத்திலிருந்த மெட்ரோடோம் என்னும் பொது அரங்குக்குச் சென்றது. 2009-இல் வளாகத்துக்குத் திரும்பிப் புதிய அரங்கம் எழுப்பியது. செலவு ஏறத்தாழ 28 கோடியே 85 இலட்சம் டாலர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியை மாநிலம் ஏற்றது. நியூ ஆர்லியன்சின் துலேன் பல்கலைக்கழகமோ, தன் மாபெரும் பழைய அரங்கை இடித்துவிட்டு, நகரத்தின் சூப்பர்டோம் அரங்கில் பல்லாண்டுகள் ஆடியபின், 2014-இல் வளாகத்திலேயே 30,000 இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கைக் கட்டிக்கொண்டது.

பிட்ஸ்பர்க் எதிர்த்திசையில் நடந்தது. 1925-இல் திறந்த தன் அரங்கில் 1999-இல் கடைசி ஆட்டத்தை ஆடி, அதனை இடித்து, அவ்விடத்தில் ஆண்டு முழுதும் பயன்படும் உள்ளரங்கம் ஒன்றை 2002-இல் திறந்தது. பந்தாட்ட அணி 2001 முதல் தொழில்முறை அணியின் அரங்கைப் பகிர்ந்துகொள்கிறது. வளாகத்தில் மீண்டும் அரங்கம் வேண்டுமென்று ஏக்கத்தோடு பேசுவோர் அங்கு இன்றும் உண்டு. நிலம் மட்டும் நாள்தோறும் வேலை செய்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சுவையானது. 1939-இல் அது பந்தாட்டத்தையே கைவிட்டது. ஆளரவமற்ற பார்வையாளர் மேடையின் அடியில், 1942 டிசம்பர் 2-ஆம் நாள், பெர்மியின் குழுவினர் முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். அவ்விடத்தில் பின்னர் பெரிய நூலகம் எழுந்தது.

ஆகவே பிற பல்கலைக்கழகங்களைப் பார்த்து டெம்பிளுக்கு விடை சொல்ல இயலாது. அதன் நிலத்தையே பார்க்க வேண்டும். அரங்கம் எழ இருந்த இடத்தைச் சுற்றிலும் வரிசை வீடுகள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏழ்மையும் மிகுதி. பல்கலைக்கழகம் வளர வளர, மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவே வீடுகள் கைமாறின, குடும்பங்கள் வெளியேறின. அரங்கத்துக்காக 15-ஆம் தெருவின் ஒரு பகுதியை மூட வேண்டியிருந்தது. ஆட்ட நாளில் கூட்டமும் குப்பையும் இரைச்சலும் தம் வாசலில் வந்து சேரும் என்று மக்கள் அஞ்சினர். 2018 மார்ச் 6-ஆம் நாள் பல்கலைக்கழகத் தலைவர் மக்கள் கூட்டத்தைக் கூட்டினார்; எதிர்ப்புக் குரல்களுக்கிடையே அவரால் பேச்சைத் தொடர இயலவில்லை. பின்னர் திட்டம் ஒதுக்கி வைக்கப்பட்டது. அரங்கம் கட்டப்படவில்லை; அணி வாடகை அரங்கிலேயே தொடர்ந்தது.

ஒரு சிறு செய்தி என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள நிலையமும், தென்கோடி அரங்கத்துக்கு அருகிலுள்ள நிலையமும் ஒரே சுரங்க இரயில் பாதையில் உள்ளன. மாணவர் வண்டி மாறாமல் ஆட்டத்துக்குச் செல்லலாம். பொதுப்பணத்தில் முன்னரே போட்ட இரயில் பாதை இருக்கும்போது, ஆண்டில் ஆறு நாட்களுக்காக ஒரு தெருவை மூடுவது சிக்கனமா? இல்லை என்பதே என் கருத்து. மினசோட்டாவுக்கு நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கு மாநிலமே பங்காளியாக வந்தது. டெம்பிள் செய்யத்தக்கது, நீண்டகால வாடகை ஒப்பந்தத்துக்குப் போராடுவதும், வேண்டுமானால் அதற்கு நகராட்சியின் துணையை நாடுவதும்தான்.

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு தெருவைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளநிலை அலுவலராக இருந்தபோது, வடமாநில நகரமொன்றின் பல்கலைக்கழகம் தன் மைதானத்தைச் சுற்றிப் பார்வையாளர் மேடையும் மதிலும் கட்ட மானியம் கேட்ட கோப்பு என்னிடம் வந்தது. இருக்கை ஒன்றுக்கான செலவை மும்முறை சரிபார்த்தேன். சிமெண்டு, இரும்பு விலைகளை ஒப்பிட்டேன். 'தடையேதுமற்ற காலி நிலம்' என்று மதிப்பீட்டில் எழுதியிருந்ததை அப்படியே ஏற்று, பரிந்துரைத்துக் கையெழுத்திட்டேன். அந்தக் குறிப்பு நன்றாக எழுதப்பட்டதென்று மேலதிகாரி பாராட்டியதும் நினைவிருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து வேறு பணியாக அங்குச் சென்றேன். மேடையில் புல் முளைத்திருந்தது. மைதானத்தின் குறுக்கே முன்பு ஓர் ஒற்றையடிப் பாதை இருந்ததென்று காவலாளி சொன்னார். பின்புறக் குடியிருப்பின் பிள்ளைகள் அவ்வழியேதான் நகராட்சிப் பள்ளிக்குச் சென்றார்களாம். மதில் எழுந்தபின் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். சிறுமிகள் சிலர் பள்ளியை விட்டே நின்றுவிட்டனர் என்றார். "நீங்கள் அப்போது வந்து பார்த்திருக்கலாமே, ஐயா" என்று அவர் கேட்டது குற்றம் சாட்டும் தொனியில் அன்று. என்னிடம் பதில் இல்லை.

2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளின் ரக்பி ஆட்டங்கள் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் நடைபெற்றன. நம் பல்கலைக்கழகங்களுக்கும் இப்படிப்பட்ட முன்மொழிவுகள் இனியும் வரும். நகர நிலத்தின் விலை ஏற ஏற இன்னும் மிகுதியாக வரும். அவற்றைப் பரிசீலிக்கும் இருக்கைகளில் உங்களில் சிலர் அமரப் போகிறீர்கள். மூலதனச் செலவு, ஆண்டில் பயன்படும் நாட்கள், பகிர்ந்துகொள்ளத்தக்க பொது அரங்கம் அருகில் உண்டா என்பவை எல்லாம் உங்கள் பாடநூலிலேயே உள்ளன. நான் என் கோப்புகளில் இன்னொரு கேள்வியையும் சேர்த்து வருகிறேன்: "இந்த நிலத்தின் வழியே இப்போது நடப்பவர்கள் யார்?" பெரும்பாலும் 'எவருமில்லை' என்றே பதில் வருகிறது. அவ்வாறு வரும் கோப்பை, இடத்தை நேரில் பார்த்தவரின் பெயரும் பார்த்த நாளும் வேண்டுமென்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.