மணியை அடித்தது யார்?

(தலைப்பு: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்கப் பெரிதும் துணை நிற்பது சட்டமா? தொண்டா? இடம்: எர்ணாவூர். ‘தொண்டே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! சட்டப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலே புகுந்து முழுசாக வந்து சேர்ந்திருக்கிற எர்ணாவூர்ப் பெருமக்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசின நண்பர் என்ன சொன்னாரு? “மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு இருக்கு. 100 மில்லி ரத்தத்திலே 30 மில்லிகிராமுக்கு மேலே மது இருந்தா குற்றம். 2019-இல் திருத்தம் வந்த பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதுக்கு மேலே என்ன வேணும்?” என்று கேட்டாரு. நண்பரே, உங்களுக்காக நானே ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். இங்கிலாந்திலே அந்த அளவு 80. வெள்ளைக்காரன் சட்டத்தைவிட நம்ம சட்டம் கண்டிப்பு! ஏட்டிலே. (கைதட்டல்) அந்தக் கண்டிப்பான சட்டம் 1988-லே வந்தது. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர்.

“அதிலே குடியால் செத்தவங்க நூற்றுக்கு மூணு பேர்கூட இல்லையே, எழுபது பேருக்கு மேலே அதிவேகத்தாலே செத்தவங்கதானே” என்றார் இன்னொரு நண்பர். அரசாங்கக் கணக்கு அப்படித்தான் இருக்கு, நான் மறுக்கலே. ஆனா அந்த வேகத்துக்கு உள்ளே எத்தனை குவார்ட்டர் இருந்ததுன்னு யார் அளந்தா? (சிரிப்பு)

மனுநீதிச் சோழன் கதையை நாமெல்லாம் நீதிக்கதையாகத்தான் படிச்சிருக்கோம். யோசிச்சுப் பாருங்க, அது ஒரு சாலை விபத்து வழக்கு! தேரை ஓட்டினவன் ராஜா மகன். அடிபட்டது கன்றுக்குட்டி. திருவாரூர் வீதியிலே அப்பவும் சட்டம் இருந்தது, ராஜா இருந்தான், அரண்மனை வாசலிலே ஆராய்ச்சி மணியும் தொங்கிச்சு. ஆனா மணி தானாகவா அடிச்சுக்கிச்சு? கன்றைப் பறிகொடுத்த பசு நடந்து போய்க் கயிற்றை இழுத்தது. அதுக்குப் பிறகுதான் நீதி எழுந்து வெளியே வந்தது.

1980-லே அமெரிக்காவிலே கலிபோர்னியாவிலே அதே கதை நடந்தது. 13 வயசுப் பெண் குழந்தை சாலையோரம் நடந்து போகுது. பலமுறை குடித்து ஓட்டிப் பிடிபட்ட ஒருத்தன் மோதிட்டுப் போயிட்டான். பெரிய தண்டனை இருக்காதும்மா என்று தாய்க்குச் சொல்லப்பட்டது. அந்தத் தாய் கேண்டஸ் லைட்னர், குடிகார ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார்கள் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. நாலே வருஷம். 1984-லே மது வாங்கும் வயசை நாடு முழுக்க 21 ஆக்க வழி செய்த சட்டத்திலே ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டார். போட்டது ரீகன். போட வெச்சது அந்தத் தாய்! (கைதட்டல்)

அமெரிக்கா எதுக்கு? சண்டிகரிலே ஹர்மன் சிங் சித்து. 1996-லே இமாசல மலையிலே கார் உருண்டு, முதுகுத்தண்டு போய், சக்கர நாற்காலிக்கு வந்தவர். அரைவ் சேஃப் என்று ஒரு தொண்டு அமைப்பு வெச்சு, நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எடுங்கள் என்று உயர்நீதிமன்றம் போனார். நம்ம ஊரிலே வழக்கறிஞர் கே. பாலு அதே கோரிக்கையோடு சென்னை உயர்நீதிமன்றம் போனார். அந்தப் பொதுநல வழக்குகள்தான் உச்சநீதிமன்றத்திலே ஒண்ணாச் சேர்ந்து, 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்பாச்சு: நெடுஞ்சாலையிலேர்ந்து 500 மீட்டருக்குள்ளே மதுக்கடை கூடாது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குப் பூட்டு.

அந்த வழக்கின் பேரே என்ன தெரியுமா? ‘தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு’. கடையை எடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனதே அரசு! 2003-லேர்ந்து சில்லறையிலே ஊத்திக் கொடுக்கறதும் அதே அரசு, ரோட்டிலே நிறுத்தி ஊதச் சொல்றதும் அதே அரசு. (பலத்த கைதட்டல்) அப்புறம் 2017 ஜூலையிலே நகராட்சி எல்லைக்குள்ளே இந்தத் தடை பொருந்தாதுன்னு விளக்கம் வந்தது, பல கடை திரும்பத் திறந்தது, அது தனிக்கதை.

எர்ணாவூருக்கு வர்றேன். துறைமுகத்துக்குப் போற டிரெய்லருங்க வரிசையைப் பார்த்தே வளர்ந்த ஊரு இது. வர்ற வழியிலே டீக்கடையில் ஒரு டிரெய்லர் டிரைவர் தம்பிகிட்டே கேட்டேன். “ஏம்பா, குடிச்சுட்டு வண்டி எடுக்கறியே, பயமா இல்லே?” அவன் சொல்றான்: “இன்னா சார் பண்றது? வண்டி எப்ப நகரும்னு தெரியாது. சீட்லயே சுருண்டு கெடக்கணும். ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது. கண்ணு அசந்தா, லைன் நகருது எந்திரின்னு கதவைத் தட்றான்.” குடிச்சுட்டு ஓட்டறதுக்குன்னு அவன் குடிக்கலீங்க, தூங்கறதுக்குக் குடிக்கறான்! ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டு இறங்க எட்டு மணி நேரமாவது ஆகும். டீ குடிச்சாலும் இறங்காது, தலையிலே தண்ணி ஊத்தினாலும் இறங்காது. இவனை ரெண்டு மணி நேரத்திலே எழுப்பி நாற்பதடி கண்டெய்னரைக் கையிலே கொடுத்தா என்ன ஆகும்? எதிரிலே பைக்கிலே பொண்டாட்டி பிள்ளையோட வர்றவன் கதி?

லாரி ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தறது, சைட்சேவர்ஸ் மாதிரி தொண்டு நிறுவனம். டெல்லியிலே பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன் 2007-லே அடிபட்டுத் தெருவிலே கிடந்தான், யாரும் தூக்கலே. தூக்கினா போலீஸ் கேஸ் வரும்னு பயம். அவனுடைய உறவுக்காரர் பியூஷ் திவாரி சேவ்லைஃப் என்று அமைப்பு தொடங்கி உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். தூக்கிவிட்டவனைத் தொல்லை செய்யக்கூடாது என்று 2016-லே நெறிமுறை வந்தது, 2019-லே அது 134ஏ பிரிவாச்சு. நண்பர்கள் கையிலே வெச்சிருக்கிற புத்தகத்திலேயே இருக்கு, புரட்டிப் பாருங்க.

நடுவர் மணியைத் தொட்டுட்டாரு. ஒரே கேள்வி ஐயா, அடுத்து வர்ற எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும். அந்த டிரைவர் தம்பி ராத்திரி ரெண்டு மணிக்குக் காலை நீட்டிப் படுக்க, உங்க சட்டம் இந்த எர்ணாவூரிலே எங்கே பாய் விரிச்சு வெச்சிருக்கு? (கைதட்டல்)