பார்சல் குண்டும் சந்தேகத்தின் நிறமும்

(மாணவர்கள் கூடிய அரங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு குற்றம் நடந்தால் போலீஸ் கடைசியில் என்ன கண்டுபிடித்தது என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுறோம். கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி யார் யார் என்னென்ன பேசினாங்க என்பதைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆள் அகப்பட்டதும் அந்த ஊகங்களெல்லாம் குப்பைக்குப் போய்விடுகின்றன. இன்னைக்கு நான் அந்தக் குப்பையைத்தான் கிளறப் போகிறேன். இடம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் ஆஸ்டின். காலம் 2018 மார்ச்.

முதலில் அந்த நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1928இல் ஆஸ்டின் நகர நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. கறுப்பின மக்களுக்கான பள்ளிக்கூடம், பூங்கா போன்ற வசதிகளையெல்லாம் நகரின் கிழக்குப் பக்கத்தில் மட்டும் வைப்பது. மற்ற பகுதிகளில் இருக்கிற கறுப்பர்கள் தாங்களாகவே அங்கே போய்விடுவார்கள் என்பது கணக்கு. போனார்கள். வேற வழி? 1960களில் நகரத்தின் குறுக்கே வந்த 35ஆம் எண் நெடுஞ்சாலை அந்தக் கோட்டைச் சிமெண்டு போட்டுக் கெட்டியாக்கியது. ஊர், சேரி என்று பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

2018 மார்ச் 2. காலை ஏழு மணிகூட ஆகவில்லை. நகரின் வடகிழக்கில் ஒரு வீட்டு வாசலில் பார்சல் ஒன்று கிடக்கிறது. எடுத்தவர் 39 வயதுக் கறுப்பின மனிதர், எட்டு வயதுப் பெண் குழந்தையின் தகப்பன். குண்டு வெடித்துச் செத்துப்போனார். அது தபாலில் வந்த பார்சல் இல்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

போலீஸ் என்ன சொன்னது? இது தனித்த சம்பவம், பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்றது. கொலை வழக்கு போடவில்லை, சந்தேக மரணம் என்று எழுதிக்கொண்டது. துணைத் தலைமை அதிகாரி ஒருவர் செய்தியாளர்களிடம் இன்னும் ஒரு படி மேலே போனார். செத்தவரே அந்தக் குண்டைச் செய்து, தவறுதலாக வெடித்திருக்கலாம், அதையும் ஒதுக்கிவிட முடியாது என்றார். இன்னொரு ஊகமும் இருந்தது. கொஞ்ச நாள் முன்பு அதே தெருவில் போதைப்பொருள் சோதனை நடந்தது, அதற்குப் பழிவாங்க வந்தவன் வீடு மாறி வைத்திருப்பான் என்பது.

விசாரிக்கிறவன் எல்லாக் கோணத்திலும் யோசிக்கணும். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் யோசிப்பது வேறு, மைக்கைப் பிடித்துச் சொல்வது வேறு. ‘ஒதுக்கிவிட முடியாது’ என்கிற வார்த்தையைக் கவனியுங்க. உலகத்தில் யாரைப் பற்றியும் அதைச் சொல்லலாம். சொன்னவன் பொறுப்பேற்க வேண்டியதில்லை, ஆனால் யார்மேல் சொல்லப்பட்டதோ அவர்மேல் அது ஒட்டிக்கொள்ளும். குண்டு செய்தவன், இல்லாவிட்டால் போதைப்பொருள் தகராறு. இரண்டு ஊகமும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்தவை. கறுப்பர் தெருவில் ஒரு சாவு விழுந்தால் கை முதலில் போவது அந்த அலமாரிக்குத்தான். துக்க வீட்டுக்கு வந்தவர்களின் மனசில் இந்தப் பேச்சு எப்படி வேலை செய்திருக்கும் என்று நினைச்சுப் பாருங்க.

இதை வெறும் அவமானம் என்று விட்டுவிடக் கூடாது. ‘தனித்த சம்பவம்’ என்று முடிவு கட்டியதால் ஒரு நடைமுறை விளைவு வந்தது. வாசலில் கிடக்கும் பார்சலைத் தொடாதீர்கள் என்று நகரத்தில் யாருக்கும் சொல்லப்படவில்லை. பத்து நாள் கழிந்தது.

மார்ச் 12 காலை கிழக்கு ஆஸ்டினில் இன்னொரு பார்சல். செத்தது 17 வயதுக் கறுப்பினப் பையன். பேஸ் வாத்தியம் வாசிக்கிறவன், இசை படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அவன் தாய்க்கும் காயம். அன்றைக்கே மதியத்துக்கு முன் மூன்றாவது குண்டு. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், 75 வயது, படுகாயம். அதற்குப் பிறகுதான் மார்ச் 2 சாவு கொலை ஆனது. அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை வந்தது. முன்பே சொல்லியிருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பு அவனுக்குத் தரப்படவில்லை என்பதை அடித்துச் சொல்லலாம்.

இப்போது மக்கள் பக்கத்து ஊகத்துக்கு வருவோம். செத்த இரண்டு பேரும் கறுப்பர்கள். இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு பழைய கறுப்பினத் தேவாலயம் வழியாகப் பழக்கம் உண்டு. இது இனவெறிக் கொலையா என்று மக்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். மார்ச் 18 இரவு தென்மேற்கில், வெள்ளையர்கள் நிறைந்த பகுதியில், பாதையோரம் கட்டிய கம்பியில் இடறி நாலாவது குண்டு வெடித்தது. இரண்டு வெள்ளை இளைஞர்களுக்குக் காயம். உடனே ‘பாத்தீங்களா, இதுல இனம் எங்க வந்துச்சு’ என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த மூன்று வீடுகளை ஏன் தேர்ந்தெடுத்தான் என்பதற்குத் தெளிவான விடை இன்றுவரை வெளிவரவில்லை. ஆக, மக்களின் ஊகம் நிரூபணமாகவில்லை, இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஊகத்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். பயந்தவர்கள் ஊகித்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பக்கத்து வீட்டை எச்சரிப்பார்கள். அதிகாரம் உள்ளவன் ஊகித்தால் எச்சரிக்கையே நின்றுபோகும்.

மார்ச் 20 நள்ளிரவு தாண்டி, ஷெர்ட்ஸ் என்ற ஊரில் ஃபெடெக்ஸ் கூரியர் கிடங்கில் ஒரு பார்சல் வெடித்தது. மறுநாள் விடிவதற்கு முன், போலீஸ் நெருங்கியபோது குண்டு வைத்தவன் தன் வண்டிக்குள்ளேயே குண்டை வெடித்துச் செத்தான். 23 வயது வெள்ளைக்காரன். செல்போனில் 25 நிமிடம் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தான். அதைக் கேட்ட போலீஸ் தலைவர் பிரையன் மேன்லி, சொந்த வாழ்க்கைச் சிக்கல்களில் தவித்த ஓர் இளைஞனின் கதறல் என்கிற தோரணையில் பேசினார். பத்திரிகைகள் அமைதியான பையன், பக்தியுள்ள குடும்பம் என்று எழுதின. செத்துக் கிடந்த கறுப்பருக்குக் கிடைக்காத பரிவு, கொன்றவனுக்கு ஒரே நாளில் கிடைத்தது. பயங்கரவாதம் என்ற சொல்லைக் கையில் எடுக்கவே யோசித்தார்கள். கண்டனம் எழுந்தது. மார்ச் கடைசியில்தான் மேன்லி அவனை உள்நாட்டுப் பயங்கரவாதி என்றார்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவர் கேட்டார்: “அப்ப வெள்ளைக்காரன்னா சந்தேகமே வராதாங்க?” வரும் தம்பி. 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் ரிச்சர்ட் ஜுவல் என்ற வெள்ளைக்காரக் காவலாளிதான் குண்டுப் பையைக் கண்டுபிடித்துச் சனங்களை விலக்கினார். மூன்று நாளில் பத்திரிகை அவரையே சந்தேக ஆளாக்கியது. சாதாரணக் காவலாளி, பருத்த உடம்பு, தாயோடு குடியிருக்கிறவர். ஏளனம் செய்ய அது போதும். 88 நாள் கழித்துத்தான் அவர் மேல் சந்தேகம் இல்லை என்று அரசு எழுத்தில் கொடுத்தது. உண்மையில் குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஜுவல் 2007இல் செத்துப்போனார், வயசு 44.